தலையெழுத்தா, திட்ட எழுத்தா?

கண்ணில் ஒளியின்றிப் பிறந்த குழந்தை, செவியில் ஒலி விழாத குழந்தை, காலூன்றி நடக்க இயலாத குழந்தை – இவர்களைக் கண்டபோதெல்லாம் நம் சமுதாயம் நெடுங்காலம் சொல்லி வந்த விடை ஒன்றே: 'முன்வினை!' குற்றால அருவியில் குளிப்பாட்டினர். தென்காசிக் கோபுரத்தை நோக்கிக் கைகூப்பினர். பள்ளிக்கு மட்டும் அழைத்துச் செல்லவில்லை! பிரமன் எழுதியதை வாத்தியார் அழிக்க முடியுமா என்று கேட்டனர்.

முடியும் என்று காட்டியது நெல்லைச் சீமை. 1890-இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். அந்த நூற்றாண்டு முடியுமுன் செவித்திறனற்றோருக்கு அவ்வூரிலேயே பள்ளி கண்டார் ஸ்வெயின்சன் அம்மையார். விரலால் படிக்கலாம், விழியால் கேட்கலாம் என்பது மெய்யாயிற்று. முன்வினை எங்கே போயிற்று?

தென்காசி வட்டாரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆய்க்குடியைச் சேர்ந்த இராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராயிருந்தபோது, 1975-இல் கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். விதியென்று முடங்கினாரா? இல்லை! 1981-இல் சொந்த ஊரிலேயே அமர் சேவா சங்கத்தை நிறுவினார். இயலாக் குழந்தைகள் எனப்பட்டோருக்கு அங்கே கல்வியும் பயிற்சியும் கிடைத்தன. 2020-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

அறச்சிந்தை கொண்டோர் சிலரின் அருளால் கிடைத்தது, அனைவர்க்கும் உரிமையாக வேண்டாவா? அமெரிக்க நாடு 1975-லேயே, ஊனமுற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிக் கல்வித் திட்டம் எழுதப்பட வேண்டும் என்று சட்டம் செய்தது. இந்தியாவில் 1974-இல் பொதுப்பள்ளியில் சேர்த்துப் பயிற்றும் திட்டம் வந்தது. 1995-இல் சட்டம் வந்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டமோ 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. சட்டம் வரையறுத்த அளவுக்குக் குறைபாடுடைய 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை உரிமையாக்கியது. ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றத்தையும் கண்காணிப்பது பள்ளியின் கடமை என்றது.

கண்காணிப்பது எப்படி? 'கணக்கு வராத பிள்ளை' என்று எழுதினால், அது தலையெழுத்தின் மறுபதிப்பு! 'ஐந்து புளியங்கொட்டைகளைப் பிழையின்றி எண்ணுகிறாள். பத்தில் தடுமாறுகிறாள்' என்று எழுதினால், அது திட்டத்தின் முதல் வரி. பருவ முடிவுக்குள் பத்து, ஆண்டு முடிவுக்குள் இருபது என்று இலக்கு வேண்டும். கற்பிக்கும் முறை என்ன, கருவி என்ன, வகுப்பாசிரியர் செய்வதென்ன, சிறப்பாசிரியர் செய்வதென்ன, வீட்டில் தாய் செய்வதென்ன என்று பிரித்தெழுத வேண்டும். பெற்றோரை அருகமர்த்திக் கேட்டு எழுத வேண்டும். பருவந்தோறும் எடுத்துப் பார்த்துத் திருத்த வேண்டும். இலக்கு எட்டப்படவில்லையெனில், பிள்ளையைக் குறை கூறுமுன் முறையை மாற்ற வேண்டும்.

ஆசிரியர்களாகிய நாம் அறிவோம், ஏடு நிரப்புவது எளிது. சென்ற ஆண்டின் வரிகளையே இவ்வாண்டும் பெயர்த்தெழுதிக் கையொப்பமிட்டுப் பேழையில் பூட்டினால், பிரமனுக்கும் நமக்கும் வேறுபாடு என்ன? அவன் எழுத்தும் திருத்தப்படுவதில்லை. நம் எழுத்தும் திருத்தப்படவில்லை!

ஆகவே பெற்றோரே, பள்ளிக்கு வாருங்கள். 'எம் பிள்ளையின் திட்டம் எங்கே? சென்ற பருவத்தில் எழுதியது என்ன? நடந்தது என்ன?' என்று கேளுங்கள். அது இரத்தல் அன்று, உரிமை. அக்கேள்விக்கு விடை கூறும் கடமை எமக்குண்டு.