வெட்ஜ் மட்டைகளின் சாய்வுத் தேர்வு: பாகைக் கணக்கும் கெஜக் கணக்கும்

1. ஆய்வுச் சிக்கல்

கோல்ஃப் ஆட்டத்தில் கிரீனுக்கு 30 முதல் 110 கெஜம் வரையுள்ள தூரத்திலிருந்து ஆடும் அடிகளுக்கென்று பெரும்பாலும் அமைந்தவை வெட்ஜ் மட்டைகள். மட்டைமுகத்தின் சாய்வுக் கோணமான லாஃப்ட்டை வைத்து இவற்றை வகைப்படுத்துவர். இன்றைய வழக்கில் பிட்சிங் வெட்ஜ் ஏறத்தாழ 43 முதல் 47 பாகையும், கேப் வெட்ஜ் 48 முதல் 52 பாகையும், சாண்ட் வெட்ஜ் 54 முதல் 58 பாகையும், லாப் வெட்ஜ் 58 பாகைக்கு மேலும் சாய்வு கொண்டவை. ஒவ்வொரு வெட்ஜுக்கும் அடுத்ததற்கும் இடையே 4 அல்லது 5 பாகை இருக்கட்டும் என்பது விற்பனையாளரும் பயிற்றுநரும் பொதுவாகச் சொல்லும் அறிவுரை.

இந்த அறிவுரை பாதிதான் சரி என்பது இக்கட்டுரையின் வாதம். மட்டையில் பொறித்த பாகை ஓர் உள்ளீடு மட்டுமே. ஆட்டக்காரருக்குத் தேவைப்படுவது பந்து போய் விழும் தூரம். ஒரே பாகை இடைவெளி எல்லாருக்கும் ஒரே கெஜ இடைவெளியைத் தருவதில்லை. பிழையைத் தாங்கும் தன்மையும் எல்லாச் சாய்வுகளுக்கும் ஒன்றல்ல. ஆகவே வெட்ஜ் தேர்வு கெஜத்தில் தொடங்கிப் பாகையில் முடிய வேண்டும். இன்று பெரும்பாலும் அது தலைகீழாக நடக்கிறது.

2. இடைவெளி உருவான வரலாறு

சாண்ட் வெட்ஜின் இன்றைய வடிவம் கோல்ஃப் ஆட்டக்காரர் ஜீன் சாரசெனின் பெயரோடு இணைந்தது. மணற்குழியில் மட்டையின் முன்விளிம்பு ஆழமாகப் புதைந்துவிடுவதே அக்காலத்து ஆட்டக்காரர்களின் பெருங்கவலை. சாரசென் மட்டையின் அடிப்பாகத்தில் ஈயம் சேர்த்து, பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்து நிற்கும்படி செய்தார். அம்மட்டை மணலைத் தோண்டாமல் வழுக்கிக்கொண்டு வெளியேறியது. 1932ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சாண்ட்விச் ஊரில், பிரின்சஸ் மைதானத்தில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில் இம்மட்டையோடு ஆடி வென்றார். அதற்கு முந்தைய ஆண்டுதான், முகம் குழிந்த வகை மணல் மட்டைகளை ஆட்ட விதிகள் தடை செய்திருந்தன. சாரசென் முகத்தை மாற்றாமல் அடிப்பாகத்தை மாற்றியதால் அவரது வழி நிலைத்தது.

இதன்பின் நெடுங்காலம் ஆட்டக்காரரின் பையில் இரண்டே வெட்ஜ்கள் இருந்தன: ஏறத்தாழ 50 பாகையில் பிட்சிங் வெட்ஜ், 55 அல்லது 56 பாகையில் சாண்ட் வெட்ஜ். இடையில் 5, 6 பாகையே இருந்ததால் குறை எதுவும் தோன்றவில்லை. பின்வந்த பத்தாண்டுகளில் இரும்பு மட்டைகளின் சாய்வைத் தயாரிப்பாளர்கள் படிப்படியாகக் குறைத்தார்கள். எடையை முகத்தின் அடியிலும் ஓரங்களிலும் பரப்பியதால், சாய்வு குறைந்தாலும் பந்தை உயரமாக எழுப்ப முடிந்தது. அதிகத் தூரம் விற்பனைக்கும் உதவியது. அதன் விளைவாகப் பிட்சிங் வெட்ஜ் 44 பாகைக்கு இறங்கியது. சாண்ட் வெட்ஜ் இருந்த இடத்திலேயே இருந்தது, ஏனெனில் மணலிலிருந்து பந்தை எடுக்க அந்தச் சாய்வு தேவை. இவ்வாறு இரண்டுக்கும் நடுவே 12 பாகைப் பள்ளம் விழுந்தது. அதை நிரப்ப வந்ததே கேப் வெட்ஜ்.

இந்த வரலாறு தரும் பாடம் தெளிவானது. பிட்சிங் வெட்ஜ் என்ற பெயரை நம்பி அடுத்த மட்டையை வாங்கக் கூடாது. ஒருவரின் பிட்சிங் வெட்ஜ் 48 பாகை. இன்னொருவருடையது 43 பாகை. இருவருக்கும் ஒரே கேப் வெட்ஜைப் பரிந்துரைப்பது பிழை. தன் தொகுப்பின் உண்மையான சாய்வை அளந்து அறிவதே முதற்படி.

3. தாக்கும் கணத்தின் கணக்கு

மட்டைமுகம் பந்தைத் தொடும் கணத்தில் மட்டையின் வேகம் இரு கூறாகப் பிரிகிறது. முகத்துக்குச் செங்குத்தான கூறு பந்தை முன்னே தள்ளுகிறது. முகத்தின் வழியே செல்லும் கூறு உராய்வினால் பந்தைப் பின்னோக்கிச் சுழலவைக்கிறது. சாய்வு கூடக்கூட முதற்கூறு குறைகிறது. அது சாய்வுக் கோணத்தின் கொசைனுக்கு ஏற்ப மாறுவதால் ஒரு தோராயக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 44இலிருந்து 48 பாகைக்குப் போனால் தள்ளும் கூறு 7 விழுக்காடு குறைகிறது. 48இலிருந்து 52க்கு 8, 52இலிருந்து 56க்கு 9, 56இலிருந்து 60க்கு ஏறத்தாழ 11 விழுக்காடு. இடைவெளி நான்கு முறையும் 4 பாகைதான். ஆனால் இழப்பின் விகிதம் ஏறிக்கொண்டே போகிறது.

முழு வீச்சில் இந்த ஏற்றம் அவ்வளவாகக் கண்ணுக்குப் படாது. அடிப்படைத் தூரமே குறைந்துகொண்டு வருவதால் கெஜ வேறுபாடுகள் ஓரளவு சமமாகவே தெரியும். பிழை நேரும்போதுதான் இது வெளிப்படும். ஆட்டக்காரரின் மணிக்கட்டு சற்று விலகி, தாக்கும் கணத்தில் முகம் 3 பாகை கூடுதலாகத் திறந்துவிட்டதாகக் கொள்வோம். 44 பாகை மட்டையில் தள்ளும் கூறு 5 விழுக்காடு அளவே குறையும். 60 பாகை மட்டையில் அதே பிழை 9 விழுக்காட்டைப் பறித்துவிடும். மேலும், குறைந்த சாய்வில் பந்து தாழ்வாகக் கிளம்புவதால், சற்று உயரமாகக் கிளம்பினால் அது கூடுதல் தூரம் மிதந்து, வேக இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்யும். ஏற்கெனவே உயரமாகக் கிளம்பும் பந்துக்கு அந்த ஈடு மிகச் சிறிது. எனவே லாப் வெட்ஜ் கை நேர்த்தியை மிகக் கடுமையாகச் சோதிக்கும் மட்டை.

சாய்வு கூடினால் சுழற்சியும் கூடிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையும் திருத்தத்துக்குரியது. சுழற்சியைத் தருவது உராய்வு. ஓர் எல்லைக்கு மேல் சாய்வு ஏறினால் பந்து முகத்தைப் பற்றாமல் வழுக்கத் தொடங்குகிறது. புல்லோ ஈரமோ இடையில் புகுந்தால் வழுக்கல் மிகும். பந்து மேலும் உயரமாகக் கிளம்பும், சுழற்சி சரியும். 2010 முதல் நடைமுறைக்கு வந்த விதி, 25 பாகையும் அதற்கு மேலும் சாய்வுள்ள மட்டைகளில் முகத்திலுள்ள வரிப்பள்ளங்களின் கொள்ளளவையும் விளிம்புக் கூர்மையையும் கட்டுப்படுத்தியது. நீண்ட புல்லிலிருந்து சுழற்சியோடு அடிப்பதை அது கடினமாக்கியது. அங்கிருந்து அடிக்கும் பந்தைக் கிரீனில் நிறுத்துவது பெரும்பாலும் அது இறங்கும் கோணம்தான்.

4. வேகம் மாறினால் இடைவெளியும் மாறும்

டிராக்மேன் ரேடார் நிறுவனம் வெளியிட்ட சராசரிகளின்படி, பிஜிஏ டூர் ஆட்டக்காரரின் பிட்சிங் வெட்ஜ் மணிக்கு 83 மைல் வேகத்தில் வீசப்பட்டு, பந்து வானில் 136 கெஜம் செல்கிறது. எல்பிஜிஏ டூர் பெண் ஆட்டக்காரருக்கு அதே மட்டை 70 மைல் வேகத்தில் 107 கெஜம் தருகிறது. பொழுதுபோக்காக ஆடுபவர்களில் பலர் இதற்கும் குறைந்த தூரத்தையே எட்டுகிறார்கள்.

136 கெஜம் அடிப்பவருக்கு 4 பாகை இடைவெளி 12 கெஜ வேறுபாட்டைத் தருகிறது என்று கொள்வோம். 85 கெஜம் அடிப்பவருக்கு, அதே விகிதத்தில், அது 7 அல்லது 8 கெஜமாகச் சுருங்கிவிடும். ஒரே மட்டையால் அடிக்கும் இரண்டு அடிகளுக்கு இடையிலேயே அவ்வளவு சிதறல் அவருக்கு உண்டு. சிதறலைவிடச் சிறிய இடைவெளியில் இரண்டு மட்டைகளை வைத்திருப்பதால் பயன் இல்லை. டூர் ஆட்டக்காரருக்குப் பொருந்தும் 46, 50, 54, 60 என்ற வரிசை, மெதுவாக வீசுபவருக்கு மிகை. அவருக்கு 44, 50, 56 என்ற மூன்றே போதும். தொழில்முறை ஆட்டக்காரரின் பையைப் பார்த்து அப்படியே வாங்குவது ஏன் தவறு என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

5. குறை வீச்சும் பெல்ஸின் பங்களிப்பும்

இடைவெளி விதி முழு வீச்சை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் 70 கெஜத்துக்கு உட்பட்ட அடிகளில் பெரும்பாலானவை முழு வீச்சல்ல. நாசாவில் இயற்பியலாளராக இருந்து கோல்ஃப் ஆய்வுக்கு வந்த டேவ் பெல்ஸ் இதை முறைப்படுத்தினார். இடக்கையின் நிலையைக் கடிகார முள்ளாகக் கருதி, 7:30, 9:00, 10:30 என மூன்று அளவுகளில் வீச்சைப் பின்னே எடுக்கச் சொன்னார். நான்கு வெட்ஜ்களோடு மூன்று வீச்சுகளைப் பெருக்கினால் 12 தூரங்கள் கிடைக்கும்.

இம்முறையின் உயிர்நாடி மட்டையில் இல்லை, திரும்பத் திரும்ப ஒரே அளவில் வீசும் பழக்கத்தில் இருக்கிறது. காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால் பந்து செல்லும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 50 கெஜ அடியில் வேகம் 5 விழுக்காடு கூடிவிட்டால் பந்து 55 கெஜம் போகும். எந்தச் சாய்வும் இந்தப் பிழையிலிருந்து ஆட்டக்காரரைக் காப்பாற்றாது. எனவே மூன்று வெட்ஜ்களில் ஒன்பது தூரங்களை உறுதியாகக் கைக்கொண்டவர், பன்னிரண்டைத் தடுமாற்றத்தோடு வைத்திருப்பவரைவிட வலுவானவர்.

6. பதினான்கின் விலை

1938இல் அமெரிக்கக் கோல்ஃப் சங்கமும் அடுத்த ஆண்டு செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்பும் மட்டைகளின் எண்ணிக்கையை 14 என வரையறுத்தன. ஆகவே கூடுதல் வெட்ஜ் எப்போதும் வேறொரு மட்டையின் இடத்தில்தான் வரும். அந்த மாற்றம் தகுமா என்பதில் இரு கட்சிகள் உண்டு.

பெல்ஸின் கட்சி, ஆட்டத்தின் பெரும்பகுதி அடிகள் 100 கெஜத்துக்குள் நிகழ்வதைச் சுட்டி வெட்ஜ்களுக்கு முதலிடம் தருகிறது. அதற்குச் சான்று ஆட்டக்காரர் டாம் கைட். பெல்ஸின் அறிவுரைப்படி 60 பாகை வெட்ஜைச் சேர்த்துக்கொண்ட அவர், 1981இல் பிஜிஏ டூரின் பரிசுப்பணப் பட்டியலில் முதலிடம் பெற்றார். 1992 யூ.எஸ். ஓப்பனின் இறுதிச் சுற்றில், பெபிள் பீச்சின் குறுகிய 7ஆம் குழியில், பலத்த காற்றில் கிரீனைத் தவறவிட்டும், லாப் வெட்ஜால் பந்தை நேரே குழிக்குள் செலுத்தினார். அந்தப் பட்டமும் அவருக்கே கிடைத்தது.

எதிர்க்கட்சிக்கு வலு சேர்த்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி. அடிகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒவ்வோர் அடியும் சராசரியைவிட எவ்வளவு ஈட்டியது அல்லது இழந்தது என்று அவர் கணக்கிட்டார். 2004 முதல் 2012 வரை பிஜிஏ டூரின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிடப் பெற்ற முன்னிலையில், 100 கெஜத்துக்கு வெளியேயிருந்து கிரீனை நோக்கிய அடிகளின் பங்கு 40 விழுக்காடு, டிரைவிங்கின் பங்கு 28 விழுக்காடு. 100 கெஜத்துக்குள் ஆடிய குறு ஆட்டத்தின் பங்கு 17, பட்டிங்கின் பங்கு 15.

இந்த ஆய்வு பெல்ஸை முற்றாக மறுக்கிறது என நான் கருதவில்லை. அது கூடுதல் வெட்ஜின் விலையைக் காட்டுகிறது. நீண்ட மட்டை ஒன்றை நீக்கி லாப் வெட்ஜ் வைப்பவர், அதிகம் ஈட்டக்கூடிய இடத்தில் தம்மைக் குறைத்துக்கொள்கிறாரா எனக் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்த நீண்ட மட்டையை நம்பி அடிக்க இயலாதவருக்கு விலை எதுவும் இல்லை. அவர் தயங்காமல் வெட்ஜைச் சேர்க்கலாம். பதில் ஆளுக்கு ஆள் மாறும்.

2007 மாஸ்டர்ஸ் போட்டியை இங்கே சேர்த்து நோக்கலாம். ஸாக் ஜான்சன் நான்கு நாளும் பார்-5 குழிகள் பதினாறில் ஒன்றில்கூட இரண்டாம் அடியில் கிரீனை எட்ட முயலவில்லை. தமக்கு உகந்த தூரத்தில் பந்தை நிறுத்தி, வெட்ஜால் மூன்றாம் அடியை ஆடினார். அக்குழிகளில் மட்டும் பாருக்கு 11 குறைவு; மொத்தத்தில் பாருக்கு ஒன்று கூடுதலாக 289 அடிகளில் வென்றார். எந்தத் தூரத்தை மிச்சம் வைப்பது என்பதையும் ஆட்டக்காரரே தீர்மானிக்க முடியும் என்பதை இந்த வெற்றி நிறுவுகிறது. தூரத்தைத் தேர்ந்துகொள்ளத் தெரிந்தவருக்கு எல்லாத் தூரத்துக்கும் மட்டை வேண்டியதில்லை.

7. அடிப்பாகமும் தரையும்

சாய்வோடு பிரிக்க முடியாதது பவுன்ஸ் எனப்படும் அடிப்பாகக் கோணம். முன்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதை அது தீர்மானிக்கிறது. மென்மையான மண்ணுக்கும் ஆழ்ந்த மணலுக்கும், செங்குத்தாக இறங்கும் வீச்சுக்கும் 10 பாகைக்கு மேற்பட்ட பவுன்ஸ் உதவும். இறுகிய தரைக்கும் தட்டையான வீச்சுக்கும் 4 முதல் 8 பாகை பொருந்தும். ஸ்காட்லாந்தின் கடலோர லிங்க்ஸ் மைதானங்களில் தரை இறுகியது, புல் குட்டை. அங்கே பவுன்ஸ் மிகுந்த லாப் வெட்ஜ் தரையில் எகிறி, முன்விளிம்பு பந்தின் நடுவைத் தாக்கும். பந்து கிரீனைக் கடந்து ஓடும். அத்தகைய தரையில் சாய்வு குறைந்த மட்டையால் தாழ்வாக அடித்து உருளவிடுவதே அறிவுடைமை. ஆகவே 60 பாகை வேண்டுமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் ஆட்டக்காரரின் கையில் இருந்தால், மறுபாதி அவர் வழக்கமாக ஆடும் மண்ணில் இருக்கிறது.

8. முடிவு

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு வரிசைமுறை பிறக்கிறது. முதலில் பிட்சிங் வெட்ஜின் சாய்வை அளக்க வேண்டும். அடுத்து, இருக்கும் வெட்ஜ்கள் ஒவ்வொன்றாலும் முழு வீச்சிலும் முக்கால் வீச்சிலும் பந்து வானில் செல்லும் சராசரித் தூரத்தையும் அதன் சிதறலையும் குறிக்க வேண்டும். மணலிலிருந்து பந்தை எடுக்கும் 54 முதல் 56 பாகை மட்டையை நிலையான புள்ளியாக வைத்து, அதற்கும் பிட்சிங் வெட்ஜுக்கும் இடையே சிதறலைவிடப் பெரிய இடைவெளி இருக்கும் இடத்தில் மட்டும் கேப் வெட்ஜைச் செருக வேண்டும். லாப் வெட்ஜ் கடைசியில் வரட்டும்: நீக்கப்படும் நீண்ட மட்டையின் இழப்பு சிறிதாகவும், ஆடும் கிரீன்கள் உயர்ந்து இறங்கும் பந்தைக் கேட்பவையாகவும், அதன் கடுமையைத் தாங்கும் பயிற்சி ஆட்டக்காரரிடம் உள்ளதாகவும் இருந்தால் மட்டும்.

சம பாகை விதியைக் கைவிட வேண்டும் என நான் வாதிடவில்லை. வேகமாகவும் ஒரே சீராகவும் வீசுபவருக்கு அது நல்ல தொடக்கம். ஆனால் அந்த விதி யாருடைய வீச்சிலிருந்து பிறந்ததோ, அவரைப் போல வீசாத பெரும்பான்மைக்கு அதை அப்படியே கொடுப்பது நேர்மையான அறிவுரை ஆகாது. தம் தூரங்களைத் தாமே அளந்தவர் மூன்று வெட்ஜோடு மைதானத்தில் இறங்கினாலும், பந்தின் முன் நிற்கும்போது எந்த மட்டையை எடுப்பது என்ற ஐயம் அவருக்கு இருக்காது. குறுகிய தூர அடியில் அந்தத் தெளிவைத் தருவதே சாய்வுத் தேர்வின் நோக்கம். தேர்வை மதிப்பிட வேண்டிய அளவுகோலும் அதுவே.