அரங்கிலிருந்து நடந்துபோகும் தொலைவில்: 2010 உலகக் கோப்பை நகரங்கள் குறித்து

கால்பந்து உலகக் கோப்பை நடந்த நகரங்களுக்குச் செல்வோருக்காக எழுதப்படும் கையேடுகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. விமான நிலையத்திலிருந்து விளையாட்டரங்கு, அங்கிருந்து கடற்கரை, பிறகு உணவகம் என்ற வரிசை எந்த நாட்டிலும் மாறுவதில்லை. அரங்கின் கொள்ளளவையும் கூரையின் வடிவத்தையும் அவை சொல்லும். அந்த அரங்கு ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பதைச் சொல்வதில்லை. வரலாறு பயில்வோர் முதலில் கேட்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான். அதற்குப் பொருத்தமான சான்று தென்னாப்பிரிக்கா.

2010 ஜூன் 11 முதல் ஜூலை 11 வரை 9 நகரங்களில், 10 அரங்குகளில் நடந்த அத்தொடர், ஆப்பிரிக்க மண்ணில் நடந்த முதல் உலகக் கோப்பை. அதன் பெருமையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால், இனஒதுக்கல் என்பது தென்னாப்பிரிக்காவில் வெறும் மனப்பான்மையாக இருந்ததில்லை. யார் எங்கே குடியிருக்கலாம் என்பதை நிலப்படத்தில் கோடிட்டு வரையறுத்த சட்டம் அது. 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிகள் சட்டம் ஒவ்வொரு நகரத்தையும் இனவாரியாகக் கூறுபோட்டது. சட்டம் நீக்கப்பட்ட பின்னும் கோடுகள் மண்ணில் எஞ்சியிருக்கின்றன. அக்கோடுகளின் மேலோ அருகிலோதான் உலகக் கோப்பை அரங்குகளுள் பல எழுந்தன.

கால்பந்தும் அக்கோடுகளுக்கு உட்பட்டே ஆடப்பட்டது. 1957இல் கார்ட்டூமில் நடந்த முதல் ஆப்பிரிக்கக் கோப்பைக்குக் கலப்பு இன அணியை அனுப்ப மறுத்ததால் தென்னாப்பிரிக்கா விலக்கப்பட்டது. 1961இல் ஃபிஃபா அதை இடைநீக்கம் செய்தது. 1963இல் தடை தற்காலிகமாக நீங்கி, 1964இல் மீண்டும் விதிக்கப்பட்டது. சோவெட்டோ மாணவர் எழுச்சி நடந்த 1976ஆம் ஆண்டில் முழுமையாக வெளியேற்றப்பட்டது. மீண்டும் சேர்க்கப்பட்டது 1992இல்தான். அதாவது, உலகக் கோப்பையை நடத்திய நாடு, அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்புதான் உலகக் கால்பந்துக்குள் திரும்பியிருந்தது.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தொடங்கலாம். தொடக்க ஆட்டமும் இறுதி ஆட்டமும் நடந்த சாக்கர் சிட்டி, சுரைக்குடுக்கை வடிவில் அமைந்தது என்று எல்லாக் கையேடுகளும் எழுதும். அது நிற்கும் நாஸ்ரெக் பகுதி தங்கச் சுரங்கப் பட்டையைச் சேர்ந்தது. சுரங்கக் கழிவு மேடுகள் நிறைந்த இந்தப் பட்டைதான் வெள்ளையர் நகரத்துக்கும் கறுப்பினத்தவர் வாழ்ந்த சோவெட்டோவுக்கும் இடையே வேலிபோல நின்றது. சிறையிலிருந்து விடுதலையான மண்டேலா 1990 பிப்ரவரி 13 அன்று பெருங்கூட்டத்தில் உரையாற்றியது இங்கிருந்த பழைய அரங்கில். 1993இல் கொலையுண்ட கிறிஸ் ஹானிக்கு மக்கள் விடைகொடுத்ததும் அங்கேதான். வேலியாக இருந்த நிலம் கூடுமிடமாக மாறியது ஒரு வரலாற்றுச் செய்தி. அதே காலத்தில் தொடங்கிய இரண்டு போக்குவரத்துத் திட்டங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2009 ஆகஸ்டில் தொடங்கிய ரியா வாயா பேருந்து சோவெட்டோவை நகர மையத்தோடு இணைத்தது. போட்டி தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு ஓடத் தொடங்கிய கௌட்ரெயின் விரைவு ரயில் விமான நிலையத்தைச் செல்வர்களின் சாண்டனோடு இணைத்தது. ஒரே நகரத்தில் இரண்டு பயணங்கள். பயணிகளும் இரு வேறு வகையினர்.

அடுத்தது பிரிட்டோரியா. சோவெட்டோ எழுச்சியின் நினைவாக ஜூன் 16 அந்நாட்டில் இளைஞர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2010இல் அதே நாளில் தென்னாப்பிரிக்க அணி உருகுவேயை எதிர்கொண்டது, வெள்ளை ஆப்பிரிக்கானர்களின் ரக்பிக் கோட்டை எனப் பெயர்பெற்ற லாஃப்டஸ் வெர்ஸ்ஃபெல்ட் அரங்கில். 0-3 எனத் தோற்றது. ஆயினும், அதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்த வேறொரு நிகழ்வே எனக்கு முக்கியமாகப் படுகிறது. லாஃப்டஸ் அரங்கு ஃபிஃபாவின் பொறுப்புக்குச் சென்றுவிட்டதால், ப்ளூ புல்ஸ் ரக்பி அணி தன் அரையிறுதியையும் இறுதி ஆட்டத்தையும் சோவெட்டோவின் ஆர்லாண்டோ அரங்கில் ஆட நேர்ந்தது. வெள்ளை ரசிகர் பலர் தம் வாழ்நாளில் முதன்முறையாகச் சோவெட்டோவுக்குள் நுழைந்தனர். உலகக் கோப்பையின் அட்டவணையில் இல்லாத இந்தப் பயணம், எந்த விளம்பரத்தையும்விட அந்நகரங்களின் தூரத்தைத் தெளிவாக அளந்து காட்டியது.

தமிழ் ஆய்வாளர் அதிக நேரம் நிற்க வேண்டிய நகரம் டர்பன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு வந்தடைந்த துறைமுகம் இது. இங்குள்ள மோசஸ் மபிதா அரங்கின் மேல் நூறு மீட்டருக்கும் மேலான உயரத்தில் ஒரு வளைவு எழுந்து நிற்கிறது. தொழிற்சங்கத் தலைவரும் பொதுவுடைமைக் கட்சியின் பொதுச்செயலாளருமான மபிதா 1986இல் மபுட்டோவில் அயலகவாசியாகவே மறைந்தவர். அவர் பெயரை அரங்குக்குச் சூட்டியது அரசியல் அறிவிப்புதான். தடை நீங்கிய பின் தென்னாப்பிரிக்கா கேமரூனை 1-0 என வென்ற 1992ஆம் ஆண்டு ஆட்டமும் அருகிலிருக்கும் கிங்ஸ் பார்க்கில்தான் நடந்தது.

அங்கிருந்து நகர மையத்தை நோக்கி வந்தால் சோம்ட்சு சாலை. மாநகராட்சியில் வேலைபார்த்த இந்தியத் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசியோர், தலைமுறைகளாக வாழ்ந்த மேகசின் பாரக்ஸ் குடியிருப்பு அச்சாலையில் இருந்தது. 1960களில் அது காலிசெய்யப்பட்டு, மக்கள் நகருக்குத் தெற்கே சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்பட்டனர். கோயில் அங்கேயே தங்கிவிட்டது. கும்பிட்ட மக்கள் தொலைவுக்குப் போய்விட்டனர்.

இந்தியர்களின் கால்பந்து மரபும் நெடியது. சாம் சைனா கோப்பைக்கான ஆட்டங்கள் 1903இல் தொடங்கியவை. இனப் பாகுபாடற்ற தென்னாப்பிரிக்கக் கால்பந்து லீக் 1960களின் தொடக்கத்தில் உருவானபோது, டர்பனின் கரீஸ் ஃபவுண்டன் மைதானம் அதன் முதன்மைக் களங்களுள் ஒன்றாக இருந்தது. நகராட்சிகள் மைதானம் தர மறுத்ததால் அப்பத்தாண்டு முடிவதற்குள் லீக் முடங்கியது. ஆட்டக்காரர்களும் இருந்தனர், பார்வையாளர்களும் இருந்தனர். அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது ஆடுவதற்கான இடம்.

இடத்தைப் பறிக்கும் முயற்சி 2009இலும் நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. வார்விக் சந்திப்பிலுள்ள விடியற்காலைச் சந்தை, ஒப்பந்தம் முடிந்து காய்கறி பயிரிட்ட இந்தியர்களின் வழிவந்தது; இன்று ஆப்பிரிக்க வணிகர்களும் சுமை தூக்குவோரும் அதில் வாழ்கின்றனர். உலகக் கோப்பையை ஒட்டிய நகர மேம்பாடு என்ற பெயரில் அதை அகற்றி வணிக வளாகம் எழுப்பத் திட்டமிடப்பட்டது. வணிகர்கள் போராடினர், நீதிமன்றத்தையும் நாடினர். திட்டம் கைவிடப்பட்டது. டர்பனில் அரங்கைப் பார்ப்பவர் அச்சந்தையையும் பார்க்க வேண்டும். ஒன்று கட்டப்பட்டதற்குச் சான்று, மற்றொன்று காக்கப்பட்டதற்குச் சான்று.

கேப் டவுனில் அரங்குக்கு நகரின் உழைக்கும் மக்கள் வாழும் ஆத்லோன் பகுதியும் பரிசீலிக்கப்பட்டது. முடிவில் தேர்வானது கடலும் டேபிள் மலையும் சூழ்ந்த கிரீன் பாயின்ட். கேமராவுக்கு உகந்த காட்சி அது. ஆனால், அக்கரையிலிருந்து தெரியும் ராபன் தீவு அந்தக் காட்சிக்குள் ஒரு வேறுபட்ட வரலாற்றை நுழைத்துவிடுகிறது. 1960களில் அத்தீவின் அரசியல் கைதிகள் கால்பந்து ஆட அனுமதி கேட்டு விடாது மனுச்செய்து, இறுதியில் பெற்றனர். மகானா கால்பந்துச் சங்கம் என்ற அமைப்பை நிறுவி, ஃபிஃபா விதிகளின்படியே லீக் நடத்தினர். அச்சங்கத்தின் தலைவராக இருந்த டிக்காங் மொசெனெக்கே, பிற்காலத்தில் அரசமைப்பு நீதிமன்றத்தின் துணைத் தலைமை நீதிபதியானார். சிறையில் விதிகளை எழுதிப் பழகியவர்கள் பின்னாளில் நாட்டின் விதிகளைக் காத்தனர் என்றால் அது மிகையாகாது. 2007இல் ஃபிஃபா அச்சங்கத்துக்குக் கௌரவ உறுப்புரிமை அளித்தது. நகருக்குள் திரும்பினால் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்: 1966இல் வெள்ளையர் பகுதியென அறிவிக்கப்பட்டு, சுமார் 60,000 பேர் வெளியேற்றப்பட்ட நிலம். அதன் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் வெற்றுத்தரையாகவே கிடந்தது.

சிறிய நகரங்களைக் கையேடுகள் ஒரு பத்தியில் கடந்துவிடும். நெல்ஸ்பிரெய்ட்டில் ஒட்டகச்சிவிங்கி வடிவத் தூண்கள் கொண்ட ம்பொம்பேலா அரங்குக்காகப் பள்ளிகள் இடம்பெயர்க்கப்பட்டு, பிள்ளைகள் தற்காலிகக் கொட்டகைகளில் படித்தனர். அரங்கு ஒப்பந்தங்களின் முறைகேடு குறித்துக் குரலெழுப்பிய உள்ளாட்சி மன்றத் தலைவர் ஜிம்மி மொஹ்லாலா 2009 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ரஸ்டன்பர்க் அரங்கு பிளாட்டினம் நிலத்தின் உரிமையாளர்களான பாஃபோகெங் மக்களுக்குரியது. அந்நகருக்கு அருகிலுள்ள மரிகானாவில், உலகக் கோப்பை முடிந்த இரண்டே ஆண்டுகளில், 2012 ஆகஸ்ட் 16 அன்று வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர் 34 பேரைக் காவல்துறை சுட்டுக்கொன்றது.

இப்படிப் பார்ப்பது கொண்டாட்டத்தைக் கெடுப்பதாகாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தொடக்க ஆட்டத்தில் ஷபலாலா அடித்த கோலுக்கு எழுந்த ஆரவாரம் உண்மையானது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகக் கால்பந்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட நாடு அது என்பதை அறிந்தவருக்கு அந்த ஆரவாரம் இன்னும் உரக்கக் கேட்கும். வரலாறு மகிழ்ச்சியைக் குறைப்பதில்லை. அது யாருடைய மகிழ்ச்சி, எந்த விலையில் கிடைத்தது என்பதைச் சொல்கிறது.

ஆகவே, எந்த நாட்டின் உலகக் கோப்பை நகரத்துக்குச் சென்றாலும் அரங்கின் வாயிலில் நின்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இங்கே முன்பு யார் இருந்தனர்? இந்த இடம் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது? இதற்காக இடம்பெயர்ந்தவர்கள் இப்போது எங்கே வாழ்கின்றனர்? மூன்றாவது கேள்விக்கு விடை அரங்குக்குள் கிடைக்காது. அதற்கு ஒரு பேருந்து ஏறித்தான் போக வேண்டும்.