இடமிருந்தால் ஏறலாம்

ஜவ்வாது மலையடிவாரத்தில், கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் உண்டு. வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர். அந்தப் பக்கத்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் கேட்டுத்தான் ராணுவ விமானத்தில் வீரர்கள் லீவுக்கு ஊர் வரும் முறையைத் தெரிந்துகொண்டேன்.

1948 மே 24 அன்று ஏர் கமடோர் மெஹர் சிங், ஜெனரல் திம்மய்யாவை ஏற்றிக்கொண்டு லே நகரில் டகோட்டா விமானத்தை இறக்கினார். அவசரமாகச் சமன்செய்த மண் தளம் அது. அன்று தொடங்கி லடாக்கில் இருக்கும் படைக்கு விமானமே உயிர்நாடி. குளிர்காலத்தில் பனி மூடிக் கணவாய்ச் சாலைகள் அடைபட்டுவிடும். சண்டிகரிலிருந்து சரக்கு ஏற்றிப் போகும் விமானம் திரும்பும்போது இடமிருக்கும். அதில் லீவுக்காரர்கள் ஏறுவார்கள். கூரியர் விமானம் என்று பெயர். டிக்கெட் கிடையாது, பட்டியலில் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்கப் படையில் இதே வசதி குடும்பத்தாருக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் உண்டு. ஆறு வகையாகப் பிரித்து வரிசை வைத்திருக்கிறார்கள். அவசர லீவில் போகிறவர்களுக்கே முதலிடம்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்த மொழியில் சிப்பாயின் லீவுக்கு 'பெர்மிசியோன்', அதாவது அனுமதி, என்று பெயர். ஹவில்தாரிடம் இதைச் சொன்னதும் சிரித்தார்.

"அனுமதி கெடச்சிருச்சு சார். இடம் கெடைக்கணுமே? எங்கப்பா செத்ததா தந்தி வந்துச்சு. மூணு நாள் மேகம் மூடிக் கெடந்துது, ஒரு விமானமும் வரல. நாலாம் நாள் லிஸ்ட்ல என் பேரைப் படிச்சாங்க. கருமாதிக்குத்தான் வந்து சேர்ந்தேன்."

அந்தப் பட்டியலுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லே கிளம்பிய ஏ.என்.-12 விமானம், வானிலை மோசமாகித் திரும்பும் வழியில் ரோத்தங் கணவாய்ப் பக்கம் மறைந்தது. அதில் 102 பேர். 2003-இல்தான் மலையேறச் சென்றவர்கள் பனியில் தடயம் கண்டார்கள். 2024-இல் மேலும் நால்வரின் உடல்கள் கிடைத்தன. பத்தனம்திட்டா மாவட்டத்து வீரர் ஒருவர் 56 ஆண்டு கழித்துச் சொந்த ஊரில் அடக்கமானார்.

நமக்குப் பக்கத்தில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கும் கூரியர் விமானம் போகும். 2016 ஜூலை 22 காலை எட்டரை மணிக்கு அங்கிருந்து கிளம்பிய ஏ.என்.-32, 29 பேரோடு வங்கக் கடலில் காணாமல் போனது. கடற்படை ஆயுதக் கிடங்கின் சிவிலியன் ஊழியர்கள் எட்டுப் பேரும் அதில் இருந்தார்கள். ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில், சென்னையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதறல்கள் கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி எடுத்த படங்களே அதற்குச் சாட்சி.

2016-இல் அந்தச் செய்தி வந்த அன்று ஹவில்தார் டிவி முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "லிஸ்ட்ல பேரு இல்லன்னு அந்த மூணு நாளும் எவ்ளோ திட்டினேன் சார்" என்றார். அதற்குமேல் பேசவில்லை.

எழுத்தராக நான் எத்தனையோ பெயர்ப் பட்டியல்கள் எழுதியிருக்கிறேன். அன்றைக்குப் பிறகுதான் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் வாசலைப் பார்த்துக்கொண்டு ஒரு வீடு இருப்பது என் மனதில் பட்டது.