ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்டிக்கிட்டு காவிரியில் இறங்கலாமா? ஒரு வால்வின் கதை



மேட்டூரில் தண்ணி திறந்துவிட்ட நாட்களில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையிலோ கொள்ளிடத்திலோ யாராவது மூழ்கிட்டா, மறுநாள் செய்தியில் தவறாம ஒரு வரி வரும். வீரர்கள் ஆக்சிஜன் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு தேடினார்கள் என்று. நம்ம திருச்சி மக்களும் அப்படித்தான் நம்பிட்டு இருக்கோம்.

அது ஆக்சிஜன் இல்லீங்க. நீங்களும் நானும் இப்ப சுவாசிக்கிற அதே சாதாரணக் காற்று. அதை அமுக்கி அடைச்சு வச்சிருப்பாங்க, அவ்வளவுதான்.

தூய ஆக்சிஜனைச் சுவாசிச்சுக்கிட்டு 6 மீட்டருக்குக் கீழே போனா வலிப்பு வரலாம். தண்ணிக்குள்ள வலிப்பு வந்தா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்லை. அழுத்தம் கூடினால் ஆக்சிஜனே நரம்பு மண்டலத்துக்கு விஷம்னு பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர்ட் 1878லேயே எழுதிட்டார்.

சரி, வார்டில் இருக்கிற சிலிண்டரில் காற்றையே நிரப்பி, அதே மீட்டரையும் டியூபையும் மாட்டிக்கிட்டு இறங்கலாமா? அதுவும் முடியாது. எங்க மீட்டர் நிமிஷத்துக்கு 15 லிட்டர் வரைக்கும் ஒரே சீராக விடும். நீங்க மூச்சை இழுத்தாலும் விடும், வெளியே விட்டாலும் விடும். ஆனால் பதறி மூச்சிழுக்கிறவருக்கு அந்த ஒரு விநாடியில் அதைப்போல பல மடங்கு வேகம் வேணும். ஆழம் போகப் போக இன்னும் அதிகம் வேணும். 10 மீட்டர் இறங்கினா அழுத்தம் இரட்டிப்பாகும். மார்பை அழுத்துகிற தண்ணி எவ்வளவு அழுத்தத்தில் இருக்கோ, அதே அழுத்தத்தில் காற்று உள்ளே வந்தால்தான் நுரையீரல் விரியும்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு மூச்சுக்கும் போட்டுக் கொடுக்கிற கருவிதான் ரெகுலேட்டர். அது பிறந்தது கடலில் இல்லை, நிலக்கரிச் சுரங்கத்தில்.

பெனுவா ரூக்கேரோல் என்ற பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர். விஷவாயு நிறைஞ்ச சுரங்கத்துக்குள் மாட்டிக்கிட்ட தொழிலாளிகளைத் தூக்க உள்ளே போறவரும் செத்துப்போகக் கூடாதேன்னு 1860ல் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு ரப்பர் சவ்வு. நீங்க மூச்சிழுத்தா சவ்வு உள்ளே வளையும், வால்வைத் தள்ளித் திறக்கும். இழுக்கிறதை நிறுத்தினா மூடிக்கும். கேட்டால் மட்டும் கொடு. அவ்வளவுதான் தத்துவம். 1864ல் கடற்படை அதிகாரி ஒகுஸ்த் டெனேரூஸ் கூடச் சேர்ந்து அதைத் தண்ணிக்கு ஏற்ற மாதிரி மாத்தினார்கள். சவ்வின் வெளிப்பக்கம் தண்ணி, உள்பக்கம் காற்று. ஆழத்தின் அழுத்தத்தைச் சவ்வே அளந்துக்கும்.

இந்தக் கருவிக்கும் நம்ம கடலுக்கும் ஒரு வேடிக்கையான தொடர்பு உண்டு. ஜூல்ஸ் வெர்ன் எழுதிய கடலடிப் பயண நாவலில் கேப்டன் நெமோ இந்த ரூக்கேரோல் கருவியை மாட்டிக்கிட்டு இறங்குகிற இடங்களில் ஒண்ணு மன்னார் வளைகுடா முத்துச் சலாபம். அங்கே சுறா தாக்க வந்த ஓர் ஏழை முத்துக்குளிப்பவரை நெமோ காப்பாத்துவார். கதையில் பிரெஞ்சுக் கருவி. நிஜத்தில் நம்ம ஆட்களிடம் இருந்தது காலில் ஒரு கல், இடுப்பில் கயிறு, ஒரே மூச்சு. சுறாவுக்கு மந்திரம் போட 'கடல்கட்டி' என்று ஒருவர் இருப்பார், அவருக்கும் பங்கு உண்டு. நெமோவைவிட எனக்கு இந்தக் கயிறு பிடிக்கிறவர்மேல்தான் மரியாதை.

அப்புறம் ரொம்ப வருஷம் அந்தச் சவ்வைக் கிட்டத்தட்ட மறந்தே போனாங்க. 1926ல் லெ ப்ரியூர் செய்த கருவியில்கூடக் கையால் திருகித்தான் காற்றை விடணும். எங்க வார்டு மீட்டர் மாதிரி.

1942 டிசம்பர். ஜெர்மனி பிடித்துவைத்திருந்த பாரிஸ். பெட்ரோல் கிடையாது. கார்களை வேற வாயுவில் ஓட்டுறதுக்காக ஏர் லிக்விட் கம்பெனி பொறியாளர் எமில் காக்னான் ஒரு குட்டி வால்வு செஞ்சிருந்தார். இஞ்சின் இழுக்கிற அளவுக்கு மட்டும் வாயு விடும். அவரைப் பார்க்க வந்தவர் கடற்படை அதிகாரி ஜாக் குஸ்தோ. தூய ஆக்சிஜன் கருவியோட இறங்கி ரெண்டு தடவை வலிப்பு வந்து பிழைச்ச மனுஷன் அவர். அதனால்தான் சாதாரணக் காற்றைத் தேடிட்டு இருந்தார்.

அடுத்த மாதமே மார்ன் ஆற்றில் சோதிச்சாங்க. ஆமாம், கடலில் இல்ல, ஆற்றில். படுத்த நிலையில் அருமையா வேலை செஞ்சது. நிமிர்ந்தா காற்று தானாகக் கொட்டி வீணாச்சு. தலைகீழானா மூச்சே இழுக்க முடியல. காரணம் சின்னது. வெளிமூச்சு போகிற துளையும் சவ்வும் வேற வேற உயரத்தில் இருந்தன. ஒரு சாண் தண்ணி வித்தியாசமே போதும், ஆளைத் திணறடிக்க. துளையைச் சவ்வுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வச்சாங்க. பிரச்சினை தீர்ந்தது.

1952ல் மெல்போர்னில் டெட் எல்ட்ரெட் அந்தக் கருவியை ரெண்டாகப் பிரிச்சு விற்பனைக்கே கொண்டுவந்தார். சிலிண்டர் தலையில் ஒரு பாகம், வாயில் ஒரு பாகம், நடுவில் ஒத்தைக் குழாய். முதல் பாகம் 200 பார் அழுத்தத்தைச் சுமார் 10 பாருக்குக் குறைக்கும். மீதியை வாயில் இருப்பது பார்த்துக்கும். இன்னைக்கு உலகம் முழுக்க அந்த அமைப்புதான். 12 லிட்டர் சிலிண்டரில் 2400 லிட்டர் காற்று. நிமிஷத்துக்கு 20 லிட்டர்னா மேலே 2 மணி நேரம், 10 மீட்டரில் 1 மணி நேரம், 30 மீட்டரில் அரை மணி நேரம்தான். நம்ம காவிரி போய்ச் சேருகிற பூம்புகார் கடலில் 23 மீட்டர் ஆழத்தில் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் 1990களில் கட்டுமானம் தேடி இறங்கினது இந்த மாதிரிக் கணக்கை வச்சுத்தான்.

ரெண்டாகப் பிரிச்சதும் புதுக் கேள்வி ஒண்ணு வந்தது. ஒரு கம்பெனியின் முதல் பாகத்தோட இன்னொரு கம்பெனியின் வாய்ப் பாகத்தைச் சேர்க்கலாமா? மரை பெரும்பாலும் பொருந்தும். அங்கேதான் ஆபத்து. வாய்ப் பாகத்து வால்வு ரெண்டு வகை. ஒண்ணு, காற்று தள்ளுகிற திசையிலேயே திறக்கிற கதவு. முதல் பாகம் கெட்டு அழுத்தம் ஏறினா தானாகத் திறந்து புஸ்ஸுன்னு கொட்டும், ஆனால் மூச்சு விடலாம். இன்னொண்ணு, காற்றை எதிர்த்துத் திறக்கிற கதவு. அழுத்தம் ஏற ஏற இறுகிப் பூட்டிக்கும். அப்புறம் குழாய்தான் வெடிக்கணும். அந்த வகைக்கு அழுத்தத்தை வெளியேற்ற தனி வால்வு கட்டாயம். மரை பொருந்துதேன்னு மாட்டக் கூடாது.

நாங்க இதே பாடத்தை மயக்க மருந்து இயந்திரத்தில் படிச்சோம். ஆக்சிஜனுக்கு 2, 5 ஊசிகள், நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3, 5. சிலிண்டரை மாத்தி மாட்ட முயன்றால் உட்காரவே உட்காராது. 1950களில் வந்த இந்த ஏற்பாடு காப்பாத்தின உயிர்களுக்குக் கணக்கே இல்லை. அதே கேட்டால்-கொடுக்கும் வால்வு 1961ல் பிரசவ அறைக்கும் வந்தது. மைக்கேல் டன்ஸ்டால் நைட்ரஸ் ஆக்சைடையும் ஆக்சிஜனையும் சரிபாதி கலந்து ஒரே சிலிண்டரில் கொடுத்தார். அந்தத் தாய் வலி வரும்போது தானே இழுத்துக்கலாம்.

2021 மே மாதம் நினைவிருக்கா? சிலிண்டர் கிடைச்சும் மேலே மாட்ட ரெகுலேட்டர் கிடைக்காம எத்தனை குடும்பம் அலைஞ்சது! அப்ப வாங்கி வீட்டு மூலையில் போட்டது இன்னும் இருந்தால் அப்படியே பயன்படுத்தாதீங்க. ரப்பர் சும்மா இருந்தாலும் வயசாகும். டைவிங் ரெகுலேட்டருக்கும் அதேதான், உபயோகிச்சாலும் இல்லாட்டியும் வருஷா வருஷம் சர்வீஸ். மரை இறுகுதுன்னு தேங்காய் எண்ணெயோ கிரீஸோ மட்டும் போட்டுடாதீங்க. அழுத்தமான ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

இப்ப சுரங்கத்துக்கே திரும்புவோம். ரூக்கேரோல் இதைச் செஞ்சது விஷக்காற்றுக்குள் போகிற தொழிலாளிக்காக. 160 வருஷம் தாண்டிடுச்சு. நம்ம ஊரில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இன்னும் வெறும் மூக்கோட ஆளை இறக்குறோம். 2013லேயே சட்டம் தடை போட்டாச்சு. அப்படி ஒரு சாவு நடந்தா 30 லட்சம் இழப்பீடு கொடுக்கணும்னு 2023ல் உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு ஏறினால் முதலில் மூக்கின் மோப்ப சக்தியைத்தான் கொல்லும். நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்னு தோணும். மெழுகுவத்தி அணையாம எரிஞ்சாலும் அந்த வாயு அங்கே இருக்கலாம். துணியும் சாதா மாஸ்க்கும் சல்லிக்காசுக்குப் பிரயோஜனம் இல்லை. முதல் ஆள் விழுந்ததும் தூக்க இறங்குகிற தம்பியோ மச்சானோதான் ரெண்டாவது உடல்.

தொட்டியிலோ பாழுங்கிணத்திலோ ஆள் மயங்கி விழுந்தா யாரும் இறங்காதீங்க. 101க்கோ 112க்கோ கூப்பிடுங்க, உள்ளே விஷவாயு இருக்கலாம்னு அந்த போனிலேயே சொல்லுங்க. அப்பத்தான் மூச்சுக்கருவியோட கிளம்பி வருவாங்க. ஆற்றில் ஒருத்தர் மூழ்கினா கயிறு, வேட்டி, சேலை, காலிக் குடம், எது கையில் கிடைக்குதோ அதைக் கரையிலிருந்தே வீசுங்க. மேலே தூக்கினவருக்கு மூச்சு இல்லைன்னா வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்காம, வாயோடு வாய் வச்சு மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்த ஆரம்பிங்க. 108 வரும் வரை நிறுத்தாதீங்க.