ஐந்து ஷில்லிங் மனுக்கள்

'வேர்' என்ற சொல் நம் விமர்சனக் கட்டுரைகளில் மலிந்துவிட்டது. நிஜமாகவே வேரைத் தேடிப் போகிறவன் கையில் அகப்படுவது பெரும்பாலும் ஒரு சர்க்கார் படிவம். ஜாய்ஸுக்காக டப்ளினைப் பற்றிப் படிக்கப் போய், அயர்லாந்துக்காரர்கள் தங்கள் மூதாதையரைத் தேடும் கதையில் நான் மாட்டிக்கொண்டேன். அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருந்து தேடத் தொடங்கும் ஒருவருக்கு முதலில் கிடைக்கும் பதில், எல்லாம் 1922ல் எரிந்துபோயிற்று என்பதுதான். இது பாதி உண்மை.

எரிந்தது வாஸ்தவம். லிஃபி நதிக்கரையில் உள்ள ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தை, இங்கிலாந்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையை ஏற்காத குடியரசுப் படையினர் 1922 ஏப்ரலில் பிடித்துக்கொண்டனர். ஜூன் 28ல் புதிய அரசின் படை பீரங்கியால் சுட ஆரம்பித்தது. 30ம் தேதி பெரும் வெடிப்பு. வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் பற்றி எரிந்தது. பல நூற்றாண்டுக் காகிதம் கரித்துண்டுகளாக நகரத்தின்மேல் உதிர்ந்தது. 1821 முதல் 1851 வரையிலான நான்கு ஜனத்தொகைக் கணக்குகளில் துணுக்குகளே மிஞ்சின. உயில்கள் போயின. புராட்டஸ்டண்டுகளின் சர்ச் ஆஃப் அயர்லாந்து பதிவேடுகளில் பாதிக்கு மேல் போயின. பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கே கொண்டுவந்து சேர்த்தவை அவை. யாரும் கேட்டு வாங்காததால் பங்குகளிலேயே கிடந்த கத்தோலிக்கப் பதிவேடுகள் பிழைத்தன. அவற்றின் நுண்படங்களை 2015ல் தேசிய நூலகம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது.

ஆனால் 1861, 1871 கணக்குகள் எங்கே? அவை தீயைப் பார்க்கவே இல்லை. எண்களைக் கூட்டி எடுத்த பிறகு, வீட்டுப் படிவங்கள் சர்க்கார் உத்தரவுப்படி அழிக்கப்பட்டன. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் கூழாக்கப்பட்டன. நான்கு கணக்குகளை எரித்தது யுத்தம். நான்கை அழித்தது ஆபீஸ். பழி முழுவதும் யுத்தத்தின் தலையில் விழுந்திருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு உறுத்தல் ஏற்பட்டது. நான் பாங்க் குமாஸ்தா. ஒரு வருஷம் எங்கள் கிளையில் கெடு தாண்டிய ரிஜிஸ்தர்களைக் கழிக்கும் வேலை என்னிடம் வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து ஜாப்தா எழுதி, கையெழுத்து வாங்கி, சாக்கில் கட்டி அனுப்பினேன். ஒரு பழைய சேமிப்புக் கணக்கில், ஓர் அம்மாளின் கைநாட்டுக்குப் பக்கத்தில் 'இடது கன்னத்தில் மச்சம்' என்று எப்போதோ ஒரு குமாஸ்தா எழுதியிருந்தார். படித்துவிட்டுச் சாக்கில் போட்டேன். அவளைப் பற்றி உலகத்தில் வேறெங்காவது ஒரு வரி இருந்திருக்குமா என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

அயர்லாந்தில் அந்த மாதிரி வரிகள் சில தப்பின. 1908ல் முதியோர் பென்ஷன் சட்டம் வந்தது. 1909 ஜனவரி முதல், எழுபது வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை. வயதுக்கு ருசு வேண்டும். அந்த நாட்டில் எல்லோருடைய பிறப்பையும் பதியத் தொடங்கியதே 1864ல்தான். ஆகவே, 1841 அல்லது 1851 கணக்கில் குழந்தையாகத் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கிழவர்களும் கிழவிகளும் மனுப் போட்டார்கள். தகப்பனார் பெயர், தாயாரின் பிறந்த வீட்டுப் பெயர், கவுண்டி, பாரிஷ், டவுன்லாண்ட் என்கிற குக்கிராமம் எல்லாவற்றையும் சொன்னார்கள். குமாஸ்தா தேடினார், கிடைத்தால் நகல் எடுத்தார், இல்லாவிட்டால் இல்லை என்று எழுதினார். பிற்பாடு மூலம் எரிந்தது. மனுக்களில் ஏராளமானவை எரியவில்லை. டப்ளினிலும் பெல்ஃபாஸ்டிலும் அவை இருக்கின்றன. 'இல்லை' என்று எழுதப்பட்ட மனுவில்கூட ஒரு தாயின் பெயர் இருக்கிறது.

இவர்கள் சொன்ன வயதை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. ருசு இல்லாதவர்களிடம், 1839 ஜனவரி 6ம் தேதி இரவு அடித்த பெரும்புயல் ஞாபகம் இருக்கிறதா என்று அதிகாரிகள் கேட்டார்கள். 1909ல் சரியாக எழுபது வயதானவர் அந்த இரவில் கைக்குழந்தை. ஞாபகம் இருக்க நியாயமில்லை; ஆனாலும் இருந்தது. முழுசாகப் பிழைத்த 1901, 1911 கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பத்து வருஷத்தில் பத்துக்கு மேல் வயது ஏறியவர்கள் பலர் தென்படுவார்கள்.

இன்னொரு சாட்சியம் என் தொழிலைச் சேர்ந்தது. ஐரிஷ் குடியேறிகளுக்காக 1850ல் நியூயார்க்கில் தொடங்கிய எமிக்ரண்ட் சேமிப்பு வங்கியில் 'டெஸ்ட் புக்' என்று ஒரு பேரேடு. கையெழுத்துத் தெரியாதவர் பணம் எடுக்க வரும்போது ஆள்மாறாட்டம் நடக்கக் கூடாதே. அதற்காகக் கணக்குத் தொடங்கும்போதே பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், வந்த கப்பல் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். குமாஸ்தாவின் சந்தேகம் ஒரு குடும்ப வரலாறாக நிலைத்துவிட்டது.

ஆனால் இந்தச் சாட்சியங்கள் எல்லாம் ஒரு கவுண்டர் முன்னால் வந்து நின்றவர்களுடையவை. 1845க்கும் 1852க்கும் இடையில் பஞ்சத்தில் செத்த சுமார் 10 லட்சம் பேர் பென்ஷன் கேட்க வரவில்லை. கணக்குத் திறக்கவும் வரவில்லை. 1847 முதல் 1864 வரை ரிச்சர்ட் கிரிஃபித் தயாரித்த நிலமதிப்பீட்டில் நிலத்தையோ வீட்டையோ வைத்திருந்தவர் பெயர் மட்டுமே உண்டு. மனைவியும் குழந்தைகளும் ஒண்டுக்குடியும் இல்லை. 1851 கணக்குப் படிவத்தில், முந்தின பத்து வருஷத்தில் வீட்டில் இறந்தவர்களை எழுதத் தனிப் பகுதி இருந்தது. செத்தவர்களுக்குப் பெயர் இருந்த இடம் அது. எரிந்ததில் ஈடு செய்ய முடியாதது என்று நான் நினைப்பது அதைத்தான்.

தீயின் நூற்றாண்டான 2022ல், டப்ளின் டிரினிட்டி கல்லூரி முன்னின்று, காப்பகத்தை இணையத்தில் மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள். வேறு நாடுகளிலும் நூலகங்களிலும் உள்ள நகல்களைத் தேடிச் சேர்க்கிறார்கள். எது எரிந்தது என்பதே எப்படித் தெரியும்? காப்பக அதிகாரி ஹெர்பர்ட் வுட் 1919ல் உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று ஒரு பட்டியல் அச்சிட்டிருந்தார். மூன்று வருஷத்தில் பொருள் போயிற்று; பட்டியல் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் கிளையில் ஒருமுறை கழிவு வேலை வந்தது. ஜாப்தாவில் 'பழைய ரிஜிஸ்தர், ஒன்று' என்று எழுதி விடாமல், உள்ளே யாருடைய எந்த விவரங்கள் இருந்தன என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி சேர்த்தேன். இதெல்லாம் எதற்கு என்று மேலதிகாரி கேட்டார். வுட்டைப் பற்றிச் சொல்லவில்லை. பழக்கமாகிவிட்டது ஸார் என்றேன்.