இரட்சணிய யாத்திரிகத்தில் மன்னிப்பு: ஒரு காப்பிய வரலாற்று நோக்கு

முன்னுரை

எச்.ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900) ‘கிறித்தவக் கம்பர்’ என்று போற்றப்படுகிறார். எனினும், ஜான் பன்யனின் கதையைக் கம்பரின் நடையில் பாடியவர் என்ற அளவிலேயே அவரை மதிப்பிடும் போக்கு நீடித்து வருகிறது. மன்றாட்டு, மன்னிப்பு, உயிர்ப்பு நம்பிக்கை ஆகிய மூன்றையும் அவர் தமிழ்க் காப்பிய மரபில் எவ்வாறு நிலைபெறச் செய்தார் என்பதை ஆராய்வதன்வழி அம்மதிப்பீட்டை மறுபரிசீலனை செய்ய இக்கட்டுரை முற்படுகிறது.

ஆசிரியரும் நூலும்

நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த கிருட்டிணபிள்ளை, சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ‘நற்போதகம்’ இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம், 1894இல் நூல் வடிவம் பெற்றது. ஆதி, குமாரம், நிதானம், ஆரணியம், இரட்சணியம் என்னும் ஐந்து பருவங்களையும் 3,766 பாடல்களையும் கொண்டது இந்நூல்.

மூலமும் மாற்றமும்

சமயக் கட்டுப்பாட்டை மீறிப் போதித்தமைக்காகச் சிறையிருந்தவர் பன்யன். 1678இல் வெளிவந்த அவரது நூல் உரைநடையால் ஆனது. அதனைத் தழுவிய கிருட்டிணபிள்ளை இரண்டு மாற்றங்களைச் செய்தார். ஒன்று, காப்பியத்தின் இடையிடையே தேவாரம் என்னும் பெயரில் இசைப்பாக்களை அமைத்தது. இதனால் பயணியின் மன்றாட்டு, தமிழ்ப் பத்திமரபின் குரலைப் பெறுகிறது. மற்றொன்று, குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலத்தை அமைத்து, இயேசுவின் பாடுகளை விரித்துப் பாடியது. மொழிபெயர்ப்பாளராக மட்டும் நின்றிருந்தால் இவ்விரண்டிற்கும் தேவை எழுந்திராது என்பது கருதத்தக்கது.

மன்னிப்பின் தன்மை

அப்படலத்தில், உடல் சிதைந்து துன்புறும் நிலையிலும் தம்மைத் துன்புறுத்துவோரின் பிழையைப் பொறுத்தருளுமாறு இயேசு தந்தையிடம் வேண்டுகிறார். தாம் செய்வது இன்னதென அவர்கள் அறியார் என்பதே அவர் காட்டும் காரணம். லூக்கா நற்செய்தியில் (23:34) உள்ள செய்தி இது.

பகைவனைப் பொறுக்கும் தலைவன் தமிழுக்குப் புதியவன் அல்லன். இன்னா செய்தார்க்கும் நன்மை செய்து அவரை நாணச் செய்தலை வள்ளுவர் அறமாக்கினார். பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார், தவவேடத்தில் வந்து தம்மைக் குத்திய முத்தநாதனைக் காத்து, ஊருக்கு அப்பால் கொண்டுபோய் விடுமாறு தத்தனைப் பணிக்கிறார்.

எனினும் அடிப்படை வேறுபடுகிறது. குறளில் பொறுத்தல், பிழைத்தவனின் நாணத்தை நோக்குகிறது. நாயனாரின் பொறுமை, திருநீற்று வேடத்தின்மேல் கொண்ட பத்தியில் வேரூன்றியது. இங்கோ, பகைவரிடத்தில் போற்றுதற்குரிய வேடமும் இல்லை. அவர்கள் நாணுவர் என்னும் உறுதியும் இல்லை. அவர்களது அறியாமை ஒன்றே மன்றாட்டுக்கு இடமாகிறது. இவ்விடத்து இயேசுவை ‘வள்ளல்’ என ஆசிரியர் சுட்டுவது நுட்பமானது. பொருளும் ஊரும் ஈந்தோரைக் குறித்த சொல், மன்னிப்பையே கொடையாக ஈந்தவருக்கு உரியதாகிறது. பகை வென்று புகழ்பெறும் காப்பியத் தலைவனின் இலக்கணமும் இதனால் விரிவடைகிறது.

உயிர்ப்பு நம்பிக்கை

சாவே முடிவாயின், கொல்வோனுக்காக வேண்டுதல் கையறுநிலையின் வெளிப்பாடாகவே எஞ்சும். உயிர்த்தெழுதலில் கொண்ட நம்பிக்கையே அதற்கு வலிமை தருகிறது. பன்யனின் கதையில் மாயச் சந்தையில் கொல்லப்படுபவன் விண்ணகம் எய்துகிறான். இறப்பு ஆற்றில் மூழ்க அஞ்சும் பயணியை உடன்வருவோன் தாங்குகிறான். பயணி விண்ணகர் சேரும் இம்முடிவு நோக்கியே தமிழ்க் காப்பியமும் நடக்கிறது. இது மறுபிறப்பும் அன்று. பிறவியறுத்த வீடுபேற்றோடு முற்றும் ஒப்பதும் அன்று. அச்சம் அறவே நீங்கிய பின்னர் வருவதன்று இந்நம்பிக்கை; அச்சத்தின் ஊடே துணையோடு கடப்பது என்பதும் இங்குப் புலனாகிறது.

முடிவுரை

பெங்களூரு உட்படத் தமிழர் வாழும் நகரங்களில், தென்னிந்தியத் திருச்சபையின் தமிழ்ச் சபைகளில் பெரிய வெள்ளியன்று சிலுவையின் ஏழு திருமொழிகளைத் தியானிக்கும் மரபு உண்டு. அவற்றுள் முதலாவது இம்மன்னிப்பு மொழியே. ஆண்டுதோறும் கேட்கப்படும் அம்மொழி, வாழ்வில் பின்பற்ற மிக அரியது. சமயம் மாறிய ஒரு தமிழாசிரியர் அதனைத் தாம் கற்ற மரபின் சொற்களாலேயே பாடினார். ஆகவே, இரட்சணிய யாத்திரிகத்தைத் தழுவல் என்று சுருக்காது, தமிழ் அறமரபின் தொடர்ச்சியாகவும் அதன் விரிவாகவும் கற்பதே பொருத்தமுடையது எனலாம்.