எல்லைப் போராட்டமும் வாக்குப்பெட்டியும்: நாகர்கோவில் – கன்னியாகுமரி மக்களவைத் தொகுதி, 1952–2024

1971 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. அணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 38ஐக் கைப்பற்றியது. ஸ்தாபன காங்கிரஸுக்கு மிஞ்சிய ஒரே இடம் நாகர்கோவில். 2014இல் அ.தி.மு.க. யாருடனும் கூட்டுச் சேராமல் 37 இடங்களை வென்றது. அதற்குக் கிட்டாத இரண்டில் ஒன்று தருமபுரி, மற்றது கன்னியாகுமரி. 2008 தொகுதி மறுவரையறையில் பெயரும் எல்லையும் மாறினாலும் நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் ஒரே தொகுதியின் தொடர்ச்சிதான். 1952 முதல் 2024 வரை, இரண்டு இடைத்தேர்தல்களையும் சேர்த்து, இங்கே 20 மக்களவைத் தேர்தல்கள் நடந்துள்ளன. அவற்றில் திராவிடக் கட்சி ஒன்று தன் சின்னத்தில் வென்றது ஒரே ஒருமுறை, 2009இல்.

இதற்குப் பத்திரிகைகளும் கட்சிக்காரர்களும் சொல்லும் காரணம் மதம். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறித்தவர்கள் 46.85 விழுக்காடு. இப்படிச் சரிபாதியாகப் பிரிந்த மண்ணில் பா.ஜ.க.வும் காங்கிரஸும் எதிரெதிராக நிற்பதும், திராவிடக் கட்சிகளுக்கு இடமில்லாமல் போவதும் இயல்பு என்பது அந்த விளக்கம். கடந்த கால் நூற்றாண்டுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் பா.ஜ.க. என்றொரு கட்சி பிறப்பதற்கு முன்பே, 1957 முதல் 1977 வரை, தி.மு.க.வால் இங்கே ஏன் காலூன்ற முடியவில்லை என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது. அந்த விடையை 1956க்கு முந்தைய திருவிதாங்கூர் அரசியலில் தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் தி.மு.க.வின் முதலாக இருந்த மொழியுணர்வு, இங்கே அதற்கு முன்பே வேறொரு கட்சியின் கைக்குப் போயிருந்தது.

அந்தக் கட்சி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்களைத் தாய்த்தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்பதே அதன் முதன்மைக் கோரிக்கை. விளவங்கோடு வட்டத்துப் பள்ளியாடியில் பிறந்த வழக்கறிஞர் ஏ. நேசமணி அதன் முகமானார். இதை வெறும் கிளர்ச்சி இயக்கமாக மட்டும் பார்ப்பது பிழை. அது தேர்தல் கட்சியாகவும் கைதேர்ந்திருந்தது. திருவிதாங்கூர்–கொச்சி சட்டமன்றத்தில் 1952இல் 8 இடங்கள், 1954இல் 12 இடங்கள் பெற்றது. ஏ.ஜே. ஜான் தலைமையிலான சிறுபான்மைக் காங்கிரஸ் அமைச்சரவை அதன் ஆதரவில் நின்றது. ஆதரவு விலகிய பின் 1953இல் கவிழ்ந்தது. 1952இல் நாகர்கோவிலின் முதல் மக்களவை உறுப்பினராக நேசமணி சென்றதும் இந்தக் கட்சியின் சார்பில்தான்.

அடுத்து வந்த பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் ஆட்சியில், 1954 ஆகஸ்ட் 11 அன்று, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராட்டக்காரர்கள் மீது காவல்துறை சுட்டது. பலர் உயிரிழந்தனர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. இயக்கத்தார் பின்னர் காங்கிரஸில் கலந்தனர்.

இங்கே கால வரிசையைக் கவனிக்க வேண்டும். தி.மு.க. முதன்முதலாகத் தேர்தல் களம் கண்டது 1957இல். அதற்குள் இந்த மக்கள் 1948, 1952, 1954 என மூன்று முறை தமிழ்க் கோரிக்கைக்காகவே வாக்களித்து, சிறை சென்று, துப்பாக்கிச் சூட்டில் ஆட்களை இழந்து, கோரிக்கையில் பெரும்பகுதியைப் பெற்றும்விட்டார்கள். மொழி உரிமையின் பேரால் வாக்குக் கேட்டு வந்த புதிய கட்சிக்குச் சொல்ல இங்கே புதிதாக ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. வடக்கே காங்கிரஸ்காரர் என்றால் இந்தித் திணிப்புக்கு உடந்தை என்ற பேச்சு 1965க்குப் பின் எடுபட்டது. குமரியில் அதே காங்கிரஸ்காரர், தமிழுக்காக அடிபட்டு ஊர் திரும்பியவர்.

1957இல் காங்கிரஸ் சார்பில் வென்ற பி. தாணுலிங்க நாடாரும் அந்த இணைப்பு இயக்கத்தில் வந்தவரே. 1962, 1967 தேர்தல்களில் நேசமணி வென்றார். 1967இல் மாநிலம் முழுவதும் காங்கிரஸ் சரிந்தது. விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் காமராசரே மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் தோற்றார். அந்தச் சரிவிலும் நேசமணி நின்றார். 1968 ஜூனில் அவர் மறைய, 1969 ஜனவரி இடைத்தேர்தலுக்குக் காமராசர் வந்து, தி.மு.க. ஆதரவுடன் நின்ற டாக்டர் மத்தியாஸை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். ஆட்சியில் இருந்த தி.மு.க.வுக்கு அது கடும் அடி.

இந்த வெற்றியைச் சாதியைக் கொண்டு விளக்குவது எளிது. நாடார் சமூகம் பெரும்பான்மையாக வாழும் தொகுதி, நாடார் தலைவர். அதில் உண்மை உண்டு. இத்தொகுதியின் உறுப்பினர் பட்டியல் முழுவதிலும் அச்சமூகத்தின் முத்திரை தெரிகிறது. ஆனால் மத்தியாஸ் கிறித்தவர், காமராசர் இந்து. நேசமணிக்கு வாக்களித்த கிறித்தவர்கள் தங்கள் மதத்தவரை விட்டுக் காமராசரின் பக்கம் பெருந்திரளாக நிற்காமல் இந்த வித்தியாசம் வந்திருக்காது. தாணுலிங்கர், நேசமணி, காமராசர் என இந்து, கிறித்தவர், இந்து என்று வரிசை மாறி மாறிச் சென்றபோதும் வாக்கு ஒரே மரபில் நின்றது. மதம் அன்று இந்தத் தொகுதியைப் பிரித்திருந்ததாகச் சொல்ல எனக்கு ஆதாரம் தென்படவில்லை.

காமராசர் 1975இல் மறைந்தார். 1977இல் அவருடைய சீடர் குமரி அனந்தன் வென்றார். மேடைத்தமிழுக்குப் பெயர்பெற்ற அவர், மக்களவையில் தமிழில் கேள்வி கேட்கும் உரிமைக்காக வாதாடியவர் என்றே இன்றும் நினைக்கப்படுகிறார். அந்தக் குரல் தி.மு.க.வின் பக்கமிருந்து வராமல் நாகர்கோவிலின் காமராசர் மரபிலிருந்து வந்தது தற்செயல் என்று நான் கருதவில்லை.

1982 மார்ச்சில் மண்டைக்காட்டுக் கலவரம் நடந்தது. பகவதி அம்மன் கோயில் விழாவை ஒட்டி இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே மூண்ட மோதல் கடற்கரை ஊர்களுக்கும் பரவி, துப்பாக்கிச் சூட்டிலும் வன்முறையிலும் உயிர்கள் போயின. நீதிபதி பி. வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அதன்பின் இந்து முன்னணி மாவட்டத்தில் வேகமாக வளர்ந்தது. அதன் மாநிலத் தலைமையை ஏற்றவர் அதே தாணுலிங்க நாடார். இணைப்புப் போராட்டத்தில் கிறித்தவரான நேசமணியோடு தோளோடு தோள் நின்ற ஒருவர், முப்பது ஆண்டுகளில் வந்து சேர்ந்த இடம் அது. இந்த மாவட்டத்தின் துயரத்தைத் தனியொரு வாழ்வில் காட்டச் சொன்னால் நான் அவருடைய வாழ்வையே காட்டுவேன்.

கலவரம் தொகுதியின் சமூக உறவை மாற்றியது. மக்களவை முடிவை அது உடனே மாற்றிவிடவில்லை என்பதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். 1980இல் வென்ற என். டென்னிஸ், கலவரத்துக்குப் பின் வந்த 1984, 1989, 1991 தேர்தல்களிலும் காங்கிரஸ் சார்பில் வென்றார். 1996, 1998இல் தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) சார்பில் வென்றார். ஆறு முறை, அவற்றில் ஐந்து கலவரத்துக்குப் பின். 1996இல் பத்மநாபபுரத்தில் சி. வேலாயுதன் வென்று தமிழகச் சட்டமன்றத்தின் முதல் பா.ஜ.க. உறுப்பினரான அதே ஆண்டிலும் மக்களவைத் தொகுதி டென்னிஸிடமே இருந்தது. 1998இல் அ.தி.மு.க. துணையுடன் நின்ற பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன் தோற்றார். 1999இல் தி.மு.க. துணையுடன் நின்று வென்றார். இடைப்பட்ட ஓராண்டில் மதக் கணக்கு மாறிவிடவில்லை. தி.மு.க. அணி மாறியது, மாநில அளவில் த.மா.கா. தனி அணி கண்டு, பழைய காங்கிரஸ் வாக்கு சிதறியது. 2004இல் தி.மு.க. மறுபடி இடம் மாற, அந்த அணியின் மார்க்சிஸ்ட் வேட்பாளர் ஏ.வி. பெல்லார்மின் வென்றார்.

என் வாதத்துக்குத் தொகுதியின் உள்ளேயே ஒரு சோதனைக்களம் இருக்கிறது. கிழக்கே உள்ள கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி 1996இல் தி.மு.க., 2001இல் அ.தி.மு.க., 2006இல் தி.மு.க., 2011இல் அ.தி.மு.க., 2016இல் தி.மு.க., 2021இல் அ.தி.மு.க. என்று மாறி மாறித் தேர்ந்தெடுத்தது. தமிழ்நாட்டின் வேறெந்த மூலையிலும் காணக்கூடிய நடைமுறை இது. மேற்கே விளவங்கோடும் கிள்ளியூரும் 2021 வரை எந்தத் திராவிடக் கட்சிக்கும் ஒருமுறைகூட வெற்றி தந்ததில்லை. காங்கிரஸ், ஜனதா, த.மா.கா., மார்க்சிஸ்ட் என்றே அங்கே வாக்கு சுற்றி வந்தது. மாநிலத்தின் பிற பகுதிகளில் ஜனதா தேய்ந்த பிறகும் 1980களில் கிள்ளியூர் ஜனதாவைத் தேர்ந்தெடுத்தது. நேசமணி பிறந்ததும், 1954இல் துப்பாக்கிகள் வெடித்ததும் இந்த மேற்குப் பகுதியில்தான்.

மேற்கில் கிறித்தவர் மிகுதி, அதனால்தான் இப்படி என்று மறுக்கலாம். ஆனால் கிறித்தவ மீனவ ஊர்கள் நிறைந்த குளச்சல் 2001இல் அ.தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. கேரளச் சாயல் என்றும் சொல்லலாம். மார்க்சிஸ்ட் கட்சி ரப்பர் தோட்டத் தொழிலாளரிடையே வேர்விட்டதற்கு அது பொருந்தும், ஜனதா, த.மா.கா. வெற்றிகளுக்குப் பொருந்தாது. இணைப்பு இயக்கத்தின் ஊர்ப்புறத் தலைவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் கட்சிப் பெயர் மாறும்போதெல்லாம் தங்கள் வாக்கையும் உடன் கொண்டுசென்றார்கள் என்பதே இந்த வெற்றிகள் எல்லாவற்றையும் சேர்த்து விளக்குகிறது. 2008 வரை கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில் இருந்ததை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மறுவரையறையில் திருவட்டாறு நீங்கி, திராவிடக் கட்சிகளுக்கு இணக்கமான அந்தக் கிழக்குப் பகுதி உள்ளே வந்தது. உடனே அடுத்த தேர்தலில், 2009இல், தி.மு.க.வின் ஜெ. ஹெலன் டேவிட்சன் வென்றார். எதிரணிகள் பலவாகப் பிரிந்ததும் அவருக்குக் கை கொடுத்தது.

அதன்பின் வந்த தேர்தல்களைப் படிக்க பொன். ராதாகிருஷ்ணனின் வாக்குகளே நல்ல அளவுகோல். ஒரே வேட்பாளர், ஒரே கட்சி, ஒரே எல்லை. 2014இல் அவர் பெற்றது 3,72,906. 2019இல் 3,67,302. 2024இல் 3,66,341. பத்தாண்டில் ஏழாயிரம் வாக்குகூட அசையவில்லை. ஆனால் 2014இல் அவர் 1,28,662 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2019இல் 2,59,933 வித்தியாசத்தில் காங்கிரஸின் எச். வசந்தகுமாரிடம் தோற்றார், 2024இல் 1,79,907 வித்தியாசத்தில் விஜய் வசந்திடம் தோற்றார். மாறியது எதிரே நின்றவர்களின் ஒற்றுமைதான்.

இதில் அ.தி.மு.க. வாக்கின் போக்கு கவனத்துக்குரியது. 2014இல் அக்கட்சி தனித்து 1,76,239 வாக்கு பெற்றது. 2019இல் பா.ஜ.க.வுடன் கூட்டு வைத்தபோது அந்த வாக்கு ராதாகிருஷ்ணனிடம் சென்றிருந்தால் அவருடைய எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும். ஒன்றும் கூடவில்லை. காங்கிரஸோ 2,44,244இலிருந்து 6,27,235க்குத் தாவியது. 2014இல் காங்கிரஸ், அ.தி.மு.க., தி.மு.க., மார்க்சிஸ்ட் நால்வரும் பெற்றவற்றைக் கூட்டினாலும் இந்தத் தொகை வராது. புதிய வாக்காளர்களைக் கழித்துப் பார்த்தாலும், அ.தி.மு.க.வின் வாக்கில் கணிசமான பகுதி தன் கட்சித் தலைமையின் கூட்டணியை மீறிக் காங்கிரஸுக்குப் போனது என்ற முடிவைத் தவிர்க்க முடியாது. 2021 இடைத்தேர்தல் மட்டும் விதிவிலக்கு: அப்போது ராதாகிருஷ்ணன் 4,38,087 பெற்றார். அது சட்டமன்றத் தேர்தலுடன் ஒரே நாளில், ஏப்ரல் 6 அன்று நடந்தது. அ.தி.மு.க.வின் வேட்பாளர்களும் வாக்குச்சாவடி முகவர்களும் தங்கள் வெற்றிக்காகவே அன்று களத்தில் நின்றதால் கூட்டணி வாக்கு ஓரளவு கைமாறியது. 2024இல் பா.ஜ.க. கூட்டணியை விட்டு நின்ற அ.தி.மு.க. 41,393 வாக்குடன், நாம் தமிழர் கட்சிக்கும் பின்னால், நான்காம் இடத்துக்குப் போய் டெபாசிட் இழந்தது.

மத விளக்கம் இன்னொரு இடத்திலும் தடுமாறுகிறது. பா.ஜ.க.வைத் தொடர்ந்து மூன்று முறை வீழ்த்திய காங்கிரஸ் வேட்பாளர்கள் வசந்தகுமாரும் அவர் மகன் விஜய் வசந்தும். இருவரும் இந்து நாடார்கள். வசந்தகுமார் குமரி அனந்தனின் தம்பி. சிறுபான்மையினரின் வாக்கு அவர்களுக்குப் பெருமளவில் விழுந்தது உண்மை. அந்த வாக்கு கிறித்தவ வேட்பாளரைக் கேட்கவில்லை என்பதும் உண்மை. 1969இல் காமராசருக்கு விழுந்த வாக்கின் வடிவம் அப்படியே இதில் தெரிகிறது.

தி.மு.க.வும் இதைப் புரிந்துகொண்டதாகவே தோன்றுகிறது. 2009இல் வென்ற அக்கட்சி 2014இல் காங்கிரஸ் இல்லாமல் நின்று 1,17,933 வாக்குடன் நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. 2019, 2021, 2024 மூன்றிலும் தொகுதியைக் காங்கிரஸுக்கே ஒதுக்கியது. இத்தனைக்கும் 2016இலும் 2021இலும் பத்மநாபபுரம் சட்டமன்றத் தொகுதியைத் த. மனோ தங்கராஜ் தி.மு.க.வுக்காக வென்றிருந்தார், மாவட்டத்தில் கட்சிக்கு ஆள்பலமும் இருந்தது. சட்டமன்றத்துக்கு உதயசூரியன், மக்களவைக்குக் கை என்ற இந்தப் பங்கீட்டில் ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய மரபுக்குத் தி.மு.க.வே வழிவிட்டு நிற்கிறது.